தண்ணீர் எத்தனை டிகிரியில் ஓட வேண்டும்? 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தின் மைய வெப்பமூட்டல்: நிகழ்வு ஆய்வு

நான்கு மாடி, 24 வீடுகள், மொத்தம் 1,920 சதுர மீட்டர். அடித்தளத்தில் இரண்டு எரிவாயு பாய்லர்கள், ஒவ்வொன்றும் 150 கிலோவாட். குளிர்காலத்தின் நட்டநடுவில் ஒரு பாய்லரின் வார்ப்பிரும்பு உடம்பில் விரிசல் விழுந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. அன்று இரவே அதை அணைத்து வால்வை மூடிவிட்டார்கள். அடுத்த மூன்று வாரக் கடுங்குளிரை மிச்சமிருந்த ஒரு பாய்லரே தாங்கியது. வழக்கமாகக் குளிரும் வீடுகள் குளிர்ந்தன. மற்ற வீடுகளில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இந்த ஆய்வுக்குக் கிடைத்த முதல் தகவல் அதுதான். ஆனால் அந்த நேரத்தில் அதை யாரும் தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை. குடியிருப்போர் குழுவின் கையில், அதே 300 கிலோவாட்டுக்குப் புதிய கண்டென்சிங் பாய்லர்கள் வைப்பதற்கான விலைப்புள்ளி ஒன்று இருந்தது. கையெழுத்திடும் முன் இன்னொருவர் பார்க்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். "பாய்லரா, ஹீட் பம்பா? எது சிக்கனம்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார் செயலாளர். (ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றிலோ நிலத்திலோ இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் இயந்திரம்.)

அந்தக் கேள்விக்கு அப்படியே பதில் சொல்ல முடியாது. ரேடியேட்டர்களுக்குள் ஓடும் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருந்தால் இந்தக் கட்டடம் சூடாகும் என்பது தெரியாமல் எந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அது குருட்டுத் தேர்வுதான்.

முதலில் மீட்டர், பிறகு சுவர்

கட்டடத்துக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்பதை இரண்டு வழிகளில் கணக்கிட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்கோ தவறு இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் வழி, எரிவாயு மீட்டர். ஓர் ஆண்டின் மொத்தப் பயன்பாடு 4,30,000 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி). கோடை மாதங்களில் ரேடியேட்டர்கள் ஓடுவதில்லை. அப்போதும் மாதம் சுமார் 6,000 யூனிட் எரிந்தது. அது முழுக்கக் குழாய் வெந்நீருக்கானது. பன்னிரண்டு மாதத்துக்கு அதைக் கழித்தால் அறைகளைச் சூடாக்க எரிந்தது 3,58,000 யூனிட். பழைய பாய்லரின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் உண்மையில் அறைகளுக்குள் போய்ச் சேர்ந்தது 2,86,000 யூனிட். அந்த இடத்தின் குளிர் அளவு ஆண்டுக்கு 3,000 டிகிரி-நாள், அதாவது ஒவ்வொரு நாளும் எத்தனை டிகிரி குளிர் என்பதை ஆண்டு முழுவதும் கூட்டிய தொகை. வகுத்துப் பார்த்தால், வெளியே ஒவ்வொரு டிகிரி குளிர்வதற்கும் கட்டடம் ஏறக்குறைய 4,000 வாட் இழக்கிறது.

இரண்டாவது வழி, சுவரையும் ஜன்னலையும் அளப்பது. உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டிய, வெப்பக் காப்புப் பொருள் நிரப்பாத இரட்டைச் செங்கல் சுவர் 850 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 1.4 வாட் கசிகிறது. பழைய இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் 290 சதுர மீட்டர், 2.8 வாட். கூரை 480 சதுர மீட்டர், 0.9 வாட். அடித்தளத்தின் மேல் இருக்கும் தரை அவ்வளவு மோசமில்லை. கடைசியாகக் காற்று. சந்து பொந்துகள் வழியே மணிக்கு அறைக் காற்றில் 70 சதவீதம் மாறிக்கொண்டிருந்தது. 5,000 கன மீட்டர் கொள்ளளவுக்கு அது மட்டுமே டிகிரிக்கு 1,190 வாட். சுவர் முழுவதும் சேர்ந்து இழப்பதும் அதே அளவுதான்! குளிர் நாடுகளில் வீட்டுக்காரர்கள் சுவரைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குக் கதவிடுக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

கூட்டினால் டிகிரிக்கு 3,860 வாட். மீட்டர் சொன்ன 4,000-க்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவு. வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்று 30 டிகிரி வித்தியாசத்துக்குப் பெருக்கினால் 116 கிலோவாட். அடித்தளத்தில் நின்றதோ 300. ஒரு பாய்லர் செத்த பிறகும் கட்டடம் அசராமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

தேவைக்கு மேல் பெரிய பாய்லரால் வரும் தொல்லையைக் குளிர் குறைந்த ஒரு நாளில் நேரில் பார்த்தேன். பர்னர் பற்றும், மூன்று நிமிடத்தில் தண்ணீர் 80 டிகிரியைத் தொடும், அணையும், ஆறு நிமிடம் கழித்து மறுபடி பற்றும். ஒவ்வொரு முறை பற்றும் முன்பும் மின்விசிறி எரிகூண்டுக்குள் குளிர் காற்றை ஊதிப் பழைய வாயுவை வெளியேற்றும். சூடான இரும்பிலிருந்து அந்தக் காற்று எடுத்துச் செல்லும் வெப்பம் அப்படியே புகைபோக்கி வழியே போய்விடும். நாளெல்லாம் இதே கதை.

மிகக் குளிர்ந்த அறை எது?

நான்காவது மாடி, வடக்கு மூலைப் படுக்கையறை. அங்கே வசித்த மூதாட்டி பல குளிர்காலங்களாக ஒரு சின்ன மின் ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். இரண்டு பக்கம் வெளிச்சுவர், மேலே கூரை. ரேடியேட்டரைச் சுற்றி அழகுக்காக ஒரு மரப்பெட்டி, அதற்கு முன்னால் தரை தொடும் திரைச்சீலை. பெட்டிக்குள் கையை விட்டேன். ரேடியேட்டரின் மேல் பாதி சூடு, கீழ் பாதி ஜில்லென்று இருந்தது. கீழே சேறு தங்கியிருக்கிறது என்று அதிலேயே தெரிந்தது.

அதே நேரம் தரைத்தளத்தில், பாய்லர் அறைக்கு மேலே இருந்த வீட்டில் ஜன்னல் திறந்து கிடந்தது. வெளியே பனி. "மூடினா வேர்க்குது" என்றார் அந்த வீட்டுக்காரர். அவர் மேல் குற்றமில்லை. பம்பிலிருந்து கிளம்பும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் எளிய வழியில் பாய்ந்துவிடும். கடைசி வீட்டுக்கு மிச்சம் மீதிதான் போகும். இத்தனை ஆண்டுகளாக இதற்குச் செய்த வைத்தியம் ஒன்றே ஒன்று: மேலே குளிர்கிறது என்று புகார் வந்தால் தண்ணீரின் சூட்டைக் கூட்டுவது. மேல்மாடிக்கு அதில் கால் டிகிரி கிடைத்திருக்கலாம். கீழே இன்னும் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

மைய வெப்பமூட்டலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். 120 ரேடியேட்டர்களுக்கும் ஒரே தண்ணீர் போகிறது. அந்தத் தண்ணீர் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்பதை மிக மோசமான ஓர் அறை தீர்மானிக்கிறது. அந்த அறையைச் சரிசெய்தால் கட்டடம் முழுவதற்கும் சூட்டைக் குறைக்கலாம். விட்டுவைத்தால் எவ்வளவு நல்ல இயந்திரம் வாங்கினாலும் அது கெட்ட நிலையில்தான் ஓடும்.

ஏன் கெட்ட நிலை என்கிறேன்? கண்டென்சிங் பாய்லரின் சிறப்பே புகையில் இருக்கும் நீராவியைக் குளிர்வித்து, அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்வதுதான். எரிவாயுப் புகையில் நீராவி ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழேதான் தண்ணீராக மாறத் தொடங்கும். ரேடியேட்டரிலிருந்து 65 டிகிரியில் தண்ணீர் திரும்பி வந்தால் ஒரு சொட்டுகூட வடியாது; விளம்பரத் தாளில் 98 என்று போட்டிருக்கும் பாய்லர் 90 சதவீதத்தைத் தொடாது. ஹீட் பம்புக்கு இது இன்னும் கடுமை. வெளியே 0 டிகிரி இருக்கும்போது 35 டிகிரித் தண்ணீர் கேட்டால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட்டுக்கு மேல் வெப்பம் தரும். 50 கேட்டால் மூன்றைச் சற்றுத் தாண்டும். 65 கேட்டால் இரண்டரை. வெப்பத்தை எவ்வளவு உயரம் தூக்குகிறோமோ அவ்வளவு கூலி. கிணற்றிலிருந்து நீர் இறைப்பது போலத்தான்.

ரேடியேட்டர் கணக்கு

பழைய ரேடியேட்டர்களைத் தூக்கி எறிந்தால்தான் ஹீட் பம்ப் வைக்க முடியும் என்ற பேச்சு குழுவில் அடிபட்டது. அறை அறையாக அளந்து பார்த்தேன். சராசரி நீர்ச் சூடு 70 டிகிரி, அறை 20 டிகிரி என்ற நிலையில், அதாவது 50 டிகிரி வித்தியாசத்தில், எல்லா ரேடியேட்டர்களும் சேர்ந்து 150 கிலோவாட் தரும். வித்தியாசம் குறையக் குறைய வெப்பம் அதைவிட வேகமாகக் குறையும்; வித்தியாசத்தின் 1.3-ஆம் அடுக்குப்படி மாறும் என்பது விதி. வித்தியாசம் 30 டிகிரியானால் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும்.

கட்டடத்துக்கு 116 கிலோவாட் தேவை என்ற பழைய நிலையிலேயே சராசரி 61 டிகிரி போதும் என்று வந்தது. அப்படியானால் 80 எதற்கு? சோதித்துப் பார்த்தோம். அடுத்த குளிர் அலையில் பாய்லரை 66-க்கு இறக்கி, எல்லா வீட்டிலும் வெப்பமானி வைத்தோம். ஒன்பது அறைகள் மட்டும் 20-ஐத் தொடவில்லை. எல்லாமே மேல்மாடியில், அல்லது மூலையில். அந்த ஒன்பதின் பட்டியல்தான் இந்தத் திட்டத்தின் மிக மதிப்புள்ள காகிதம். அதற்குச் செலவே இல்லை.

பிறகு காப்பு வேலை. கூரையின் மேல் தடிமனான இன்சுலேஷன், சுவரின் வெற்றிடத்துக்குள் கனிமக் கம்பளி ஊதி நிரப்புதல், அடித்தள உள்கூரைக்கு 8 சென்டிமீட்டர் பலகை, ஜன்னல் கதவுகளுக்குப் புது ரப்பர் பட்டை. காற்றை முற்றிலும் அடைத்துவிடக் கூடாது. ஈரமும் பூஞ்சையும் வரும் என்பதால் சமையலறை, குளியலறைகளில் மெதுவாக ஓடும் வெளியேற்று விசிறிகளைச் சேர்த்தோம். ஜன்னல்களை மாற்றப் பணம் போதவில்லை, அவை அப்படியே நின்றன. இத்தனைக்கும் பிறகு இழப்பு டிகிரிக்கு 2,240 வாட். உச்சத் தேவை 67 கிலோவாட். அதே பழைய ரேடியேட்டர்களுக்கு இப்போது சராசரி 47 டிகிரி போதும்.

80 டிகிரியில் ஓடிய கட்டடம், 51-ல் போய் 43-ல் திரும்பும் தண்ணீரில் சூடாகும் என்று கணக்கு சொன்னது. அதன் பிறகுதான் எந்த இயந்திரம் என்ற கேள்விக்கே வந்தோம்.

எவை கழிந்தன, எது நின்றது

மரத்துகள் குச்சிகளை எரிக்கும் பெல்லட் பாய்லரைச் சிலர் விரும்பினார்கள். கிலோவுக்கு ஏறக்குறைய 4.8 யூனிட்; வெந்நீரையும் சேர்த்தால் ஆண்டுக்கு 50 டன். அடித்தளத்தில் ஒதுக்க முடிந்த அறையில் 13 டன்தான் கொள்ளும். சாம்பல் அள்ளவும் லாரி வந்தால் வாசலைத் திறக்கவும் நிரந்தரமாக ஆள் வேண்டும். கைவிட்டோம். வீட்டுக்கு வீடு மின் ஹீட்டர் என்பது ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட். அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

நிலத்தடி ஹீட் பம்ப் என் மனதுக்குப் பிடித்தது. பூமிக்கடியில் குளிர்காலத்திலும் சூடு பெரிதாக இறங்காது. ஆனால் துளையின் ஒரு மீட்டருக்குச் சுமார் 50 வாட்தான் எடுக்க முடியும் என்று வைத்தால் 100 மீட்டர் ஆழத்தில் பத்துத் துளைகள் வேண்டும். ஒன்றின் வெப்பத்தை மற்றொன்று பறிக்காமல் இருக்க நடுவில் ஆறு மீட்டராவது விட வேண்டும். முற்றம் சிறியது, அதன் அடியில் கேபிள்களும் கழிவுநீர்க் குழாயும் ஓடின. வருத்தத்தோடு விட்டோம்.

மிஞ்சியது வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப். "புது விஷயமாச்சே, நம்பலாமா?" என்று கேட்டார் குழுவில் ஒருவர். வெப்பத்தை இப்படித் தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏற்றலாம் என்று கெல்வின் பிரபு 1852-லேயே எழுதிவிட்டார். ஆஸ்திரியாவில் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் 1850-களில் உப்பு காய்ச்ச அதே தத்துவத்தில் இயந்திரம் அமைத்தார். சூரிச் நகர மன்றக் கட்டடம் 1938-லிருந்து ஆற்று நீரின் வெப்பத்தால் சூடானது. இதைச் சொன்னதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து, வரலாற்றையும் கோப்பில் ஒரு பக்கமாகச் சேர்த்தேன்.

67 கிலோவாட்டுக்கும் ஹீட் பம்ப் வைக்கவில்லை. 40 கிலோவாட் மட்டும்; பக்கத்தில் ஒரு சிறிய கண்டென்சிங் பாய்லர். இதற்கு என் காரணம்: மைனஸ் 10 என்பது ஆண்டில் விரல் விட்டு எண்ணும் நாட்கள்தான். 40 கிலோவாட், கணக்குப்படி வெளியே 2 டிகிரி வரை போதும். மனிதர்கள், அடுப்பு, வெயில் தரும் சூட்டையும் சேர்த்தால் மைனஸ் 2 வரை தாங்கும். அதற்குக் கீழே பாய்லர் துணைக்கு வரும். உச்சத்தின் 60 சதவீதத்தை மட்டும் வாங்கி, ஆண்டின் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதிலிருந்து எடுத்துவிடலாம். பெரிய ஹீட் பம்புக்குப் பெரிய மின் இணைப்பும் வேண்டும். பழைய கட்டடத்தில் அது தனித் தலைவலி.

செலவில் எது லாபம் என்பதற்கு ஒரே ஒரு விகிதம் போதும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆண்டுச் சராசரியாக 3 யூனிட் வெப்பம் தரும், பாய்லரின் திறன் 92 சதவீதம் என்றால், ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஒரு யூனிட் எரிவாயுவின் விலையைப் போல் 3.26 மடங்குக்குள் இருக்கும்வரை ஹீட் பம்பை ஓட்டுவது மலிவு. கரியமில வாயுவுக்கும் அதே முறைதான். எரிவாயு யூனிட்டுக்கு 0.2 கிலோ விடுகிறது. மின்சாரம் யூனிட்டுக்கு 0.65 கிலோவுக்குள் வந்தால் ஹீட் பம்ப் ஜெயிக்கும். ஹீட் பம்புக்குள் சுழன்று வெப்பத்தைச் சுமக்கும் வாயு ஆர்-290, அதாவது புரொப்பேன். புவி சூடாக்கும் தன்மை மிகக் குறைவு. ஆனால் தீப்பிடிக்கும், அதனால் இயந்திரம் முழுவதும் வெளியே, ஜன்னல்களிலிருந்து தள்ளி, தாழ்வான குழிகள் இல்லாத இடத்தில் வைத்தோம்.

குழாய் வெந்நீரை முழுக்கப் பிரித்தோம். நுரையீரல் நோய் தரும் லெஜியோனெல்லா கிருமி 20-க்கும் 45-க்கும் இடைப்பட்ட சூட்டில் பெருகும். சேமிப்புத் தொட்டி 60 டிகிரியில் இருந்தாக வேண்டும். அந்த ஒரு தேவைக்காக ரேடியேட்டர் நீரையும் சூடாக வைத்திருப்பது வீண். வெந்நீருக்குத் தனியாக ஒரு சிறிய ஹீட் பம்பும் தொட்டியும். கோடையில் எரிந்த 6,000 யூனிட்டில் பாதியளவு காப்பில்லாத சுழற்சிக் குழாயிலும் சும்மா நின்ற பாய்லரிலும் போய்க்கொண்டிருந்தது. குழாய்க்கு இன்சுலேஷன் சுற்றியது இரண்டு நாள் வேலை.

கறுப்புத் தண்ணீர்

பழைய நீரைத் திறந்துவிட்ட நாளில் வாளியில் விழுந்தது மை போல இருந்தது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உள்ளே விட்டேன். வெளியே எடுத்தபோது மயிர் முளைத்தது போல நுண்ணிய இரும்புத் துகள் ஒட்டியிருந்தது. அது மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு. ஆண்டுதோறும் புது நீர் நிரப்பியதால் உள்ளே போன ஆக்சிஜன் ரேடியேட்டர்களைத் தின்றதன் எச்சம். கிளை கிளையாக அழுத்த நீர் விட்டுக் கழுவி, திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி வைத்தோம். சூட்டில் விரியும் நீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தொட்டி அழுத்தம் இழந்திருந்தது; அதுதான் அடிக்கடி நீர் நிரப்ப வைத்த குற்றவாளி; அதையும் மாற்றினோம்.

இதைச் செய்யாமல் ஹீட் பம்பை இணைத்திருந்தால் ஒரே குளிர்காலத்தில் அடைத்திருக்கும். சூடு குறைந்த தண்ணீர் அதிக அளவில் ஓட வேண்டும். பழைய வடிவமைப்பில், போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 20 டிகிரி வித்தியாசத்தில் மணிக்கு 5 கன மீட்டர் போதும். இப்போது 8 டிகிரி வித்தியாசத்தில் 7.2 கன மீட்டர். குழாயின் உராய்வு இரண்டு மடங்காகிறது. வித்தியாசத்தை 8-க்குக் கீழே கொண்டுபோகாததற்கு அதுவே காரணம். பழைய செங்குத்துக் குழாய்கள் அதற்கு மேல் தாங்காது.

ஒன்பது அறைகளில் பெரிய ரேடியேட்டர், கூடுதலாக ஐந்து குளியலறைகளிலும். வடக்கு மூலை அறையின் மரப்பெட்டியைக் கழற்றவே மூதாட்டியிடம் இரண்டு முறை பேச வேண்டியிருந்தது. பிறகு வீடு வீடாக வால்வுகளைத் திருகி நீரோட்டத்தைச் சமன் செய்தோம். நான்கு நாள் பிடித்த வேலை. இயந்திரம் எதுவானாலும் இதைத் தவிர்த்துவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது என்று இன்றும் அழுத்திச் சொல்வேன்.

முதல் குளிர்காலம்

இரண்டு விஷயங்களில் சறுக்கினேன். ஈரக் குளிரில் ஹீட் பம்பின் வெளித் துடுப்புகளில் உறைபனி படியும். இயந்திரம் தானே அதை உருக்கிக்கொள்ளும். உருகிய நீருக்கு வடிகால் வைத்திருந்தேன், ஆனால் அந்தக் குழாய் நிலத்தின் உறைபனி ஆழத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு காலையில் நடைபாதையில் பனிக்கட்டி பளபளத்தது. நல்லவேளை யாரும் விழவில்லை. அன்றே மணல் போட்டு, அந்த வாரத்திலேயே குழாயை ஆழமாக்கினோம்.

இரண்டாவது, இரவில் சூட்டைக் குறைக்கும் பழைய பழக்கத்தை அப்படியே வைத்திருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லா அறையும் ஒரே நேரத்தில் சூடு கேட்கும். 40 கிலோவாட் போதாது, பாய்லர் பற்றிக்கொள்ளும். வெளியே 5 டிகிரி இருந்த நாளில்கூடப் பாய்லர் ஓடியதைப் பதிவேட்டில் பார்த்தபோதுதான் புரிந்தது. இரவுக் குறைப்பை ஒரு டிகிரிக்குச் சுருக்கி, வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் சூடு தானே ஏறி இறங்கும் வளைவை மட்டும் நம்பினோம். காலைப் பற்றல் நின்றது.

குளிர்கால முடிவில் மீட்டர்கள் காட்டியவை: அறைகளுக்குள் போன வெப்பம் 1,72,000 யூனிட். கணக்கில் எதிர்பார்த்தது 1,61,000. மக்கள் 20-ல் வைக்கவில்லை, சராசரி 21-ஐத் தாண்டியிருந்தது. ஒரு டிகிரிக்கு ஆறு சதவீதம் போல ஏறும், சரியாகவே பொருந்தியது. ஹீட் பம்ப் தந்தது 1,57,000, குடித்த மின்சாரம் 50,600. விகிதம் 3.1. மிச்சம் 15,000 பாய்லருடையது.

அந்தக் குளிர்காலத்தின் மிகக் குளிர்ந்த இரவுக்கு அடுத்த காலை நான்காவது மாடிக்குப் போனேன். வடக்கு மூலை அறையில் வெப்பமானி 20.5 காட்டியது. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்த மூதாட்டி, "இது வெதுவெதுன்னுதானே இருக்கு, முன்னாடி கை வைக்க முடியாதே. ரூம் மட்டும் எப்படிச் சூடா இருக்கு?" என்று கேட்டார். மின் ஹீட்டர் அலமாரியின் மேல் ஏறியிருந்தது. ஜன்னல்களை மாற்றும் பணம் அடுத்த ஆண்டு சேரும் என்கிறார்கள். சேர்ந்தால் தண்ணீரை 45 டிகிரிக்கு இறக்கிப் பார்க்க வேண்டும்.